தலைக்குத் தண்ணீர்

12-2-64, புதன். கடலூர்.

பனி. கெடிலம் பாலத்தில் எதிரே வருகிற வண்டி கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. விடிந்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம். அம்மை குத்த.

மலேயாவிலிருந்து அவர் கடிதம் நேற்று. அன்பு ஒரு வரி, காகித விவரம் ஒன்றரைப் பக்கம். வேண்டியவை:

அம்மை குத்திய சர்டிபிகேட், எனக்கும் பாப்பாவுக்கும் தனித்தனியாக.
காலரா ஊசி, இரண்டு தடவை.
எனக்கு நெஞ்சுப் படம்.
கண் பார்த்த சீட்டு.
குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யார் எதில் இறந்தார்கள் என்று பூர்த்தி செய்த ஒரு பாரம்.

எல்லாம் ஒரே காரணத்துக்கு. அவர் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் ரப்பர் தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. கிராணி வீட்டு மனைவி மக்களுக்கு வைத்தியம், பிரசவம், மருந்து எல்லாம் கம்பெனி பொறுப்பு. ஆனால் போய் இறங்கும்போதே காகிதங்கள் முழுசாக இருந்தால்தான் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் பெயர் ஏற்றுவார்களாம். அம்மை சர்டிபிகேட் இல்லாவிட்டால் நாகப்பட்டினத்தில் கப்பலிலேயே ஏற்றமாட்டார்கள். "வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

மா. வாசலில் நின்றுகொண்டு, "இன்னாத்துக்கு இந்தக் குத்தெல்லாம்? செவனேன்னு இருக்கறவள ஊசியால குத்தி வம்புக்கு இழுக்கறீங்க" என்றாள். செவனே என்று இருக்கிறவள் மாரியாத்தா. மா. என்றால் மாமியார். முழுசாக எழுதினால் மை வீண். அவளுக்கு எழுத்து தெரியாது. டைரி ஜன்னலிலேயே கிடக்கும், ஒளிக்க வேண்டியதில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே குத்தியிருக்கிறது, அதனால் இன்று மறுபடி குத்தி உடனே கையெழுத்து ஆயிற்று. பாப்பாவுக்கு இதுதான் முதல் தடவை, மா. இதுவரை விடவில்லை. குத்துகிறவர் சொன்னது: "ஒரு வாரம் தண்ணி படக்கூடாது, ஒண்ணும் தேய்க்கக்கூடாது. அடுத்த புதன்கிழமை காட்டுங்க. கொப்புளம் எழும்பியிருந்தாத்தான் சர்டிபிகேட்டு." பாப்பா அழுத அழுகையில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் கத்தரிக்காய் குழம்பு. உப்பு ஜாஸ்தி. வேண்டுமென்று போடவில்லை, ஆனாலும் மா. முகம் சுளித்தது பார்க்க நன்றாக இருந்தது.

15-2-64, சனி.

நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று. மருமகள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதாம், மா. துணைக்கு வந்தாள். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்த மீன்காரப் பெண்ணிடம் சொன்னது கதவுக்கு இந்தப்புறம் கேட்டது: "இவ நெஞ்சுல போயி இன்னா தேடறாங்க? கல்லுதான் இருக்கும்." அந்தப் பெண் சிரித்தாள்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், ஒன்றும் இல்லை, சுத்தம் என்றார். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக உள்ளே கொதிக்கிற கொதிப்பு ஒரு கரும்புள்ளியாகவாவது விழுந்திருக்கவேண்டாமா?

வரும் வழியில் பாப்பாவுக்கு வளையல், பச்சை. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்க மறந்துவிட்டேன்.

19-2-64, புதன்.

கொப்புளம் எழும்பவில்லை. குத்தின இடம் வழவழவென்று இருக்கிறது, எறும்பு கடித்த அளவுகூட இல்லை. குத்துகிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மைப் பால் பழசாகியிருக்கும் என்று புதுக் குழாய் உடைத்து மறுபடி குத்தினார். மறுபடி அழுகை. இன்னும் ஒரு வாரம்.

மா. இன்று சந்தோஷமாக இருக்கிறாள். பாப்பாவுக்குப் பணியாரம் சுட்டாள். "எம் பேத்தி உடம்புல அதெல்லாம் ஒட்டாது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

21-2-64, வெள்ளி.

கப்பல் டிக்கெட்டு ஏஜெண்டு வந்தார். லால்பேட்டை பாய். அவர் ஊரில் வீட்டுக்கு ஒருவர் மலேயா போனவர், அதனால் எல்லாக் காகிதமும் தலைகீழ் பாடம். கப்பல் மார்ச் 24. "தங்கச்சி, டாக்டரு கையெழுத்து மட்டும் போதாது. ஹெல்த் ஆபீசு சீல் விழுவணும். சீல் இல்லாம நாகப்பட்டினத்துல நின்னு அழுத ஆளுங்கள நான் பாத்திருக்கேன்" என்றார்.

பிறகு அந்த நோய் விவரப் பாரத்தை எடுத்தார்.

"புள்ளைங்க எத்தினி?"

"இரண்டு. ஒண்ணு இருக்கு."

"மன்னிச்சுக்கம்மா, இது அவன் கேக்குற கேள்வி, நான் கேக்கல. எதுல மவுத்தாச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து மா. குரல்: "காய்ச்சல்னு எழுதுங்க."

"பெரியம்மை" என்றேன். தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். பாய் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

எழுதுகிறேன், ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். 61-ல் பாப்பாவைப் பெறுவதற்குச் சிதம்பரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். செந்திலுக்கு மூன்று வயசு. ஆயாவை, அதாவது மா.வை, விட்டு வரமாட்டேன் என்று இங்கேயே இருந்துவிட்டான். அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்கு வந்தபோது மா. அவனை நெல்லுக் குதிருக்குள் இறக்கி மூடி வைத்தாள். சத்தம் போடாமல் இருந்ததற்கு வெல்லம் கொடுத்தாளாம். இதைப் பெருமையாக அவளே என்னிடம் பிற்பாடு சொன்னாள். பங்குனியில் அவனுக்கு அம்மை போட்டது. டாக்டரிடம் காட்டவில்லை. எனக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. பிள்ளை பெற்றவள், தீட்டு, வந்தால் அம்மாவுக்கு, மாரியாத்தாவுக்கு, ஆகாதாம். நான் சிதம்பரத்தில் பாப்பாவுக்கு வசம்பு உரைத்துக்கொண்டிருந்தேன். அம்மை இறங்கி அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரவேயில்லை. எல்லாம் முடிந்து ஒன்பதாம் நாள்தான் எனக்குச் செய்தி.

அந்த வருஷமே அவர் கப்பல் ஏறினார். தாயைத் திட்டவும் முடியவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஆண்களுக்குக் கப்பல் இருக்கிறது.

பாய் போகும்போது காபி குடிக்கவில்லை. வேண்டாம்மா, போதும் என்றார்.

26-2-64, புதன்.

இரண்டாவது தடவையும் எழும்பவில்லை. குத்துகிறவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "வீட்ல எதுனா தேச்சீங்களா?" இல்லை என்று அடித்துச் சொன்னேன். மூன்றாம் தடவை குத்துவதற்கு ஹெல்த் ஆபீசரைக் கேட்டுக்கொண்டு வரச்சொன்னார். அவர் முகாமுக்குக் கம்மாபுரம் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான்.

காலரா முதல் ஊசி இரண்டு பேருக்கும். கை வீங்கிக் கனக்கிறது. எழுத்து கோணல்.

27-2-64, வியாழன்.

தெரிந்துவிட்டது.

வெயில் ஏறியிருந்தது, பானகம் கரைக்கலாம் என்று எலுமிச்சம்பழம் ஒன்றை அரிவாள்மணையில் வைத்து நறுக்கினேன். பாப்பா விளையாடிக்கொண்டிருந்தவள் வாசனை வந்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குத்தின கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாணாம், வாணாம், எரியும்" என்று வீல் வீலென்று கத்தல்.

மா. எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறாள். நான் குளிக்கப் போகிற நேரம். இரண்டு தடவையும். குத்திக்கொண்டு வந்த ஈரம் காய்வதற்குள்.

மா. மறுக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஆமா, தேச்சேன். ஒண்ண அவ எடுத்துக்கினா. இவ மேல அவ கோவம் விழக்கூடாதுன்னு தேச்சேன். உனக்குப் புரியாது."

"அவ எடுத்துக்கலை. நீங்க குடுத்தீங்க" என்றேன். மூன்று வருஷத்தில் நான் அவளிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை. வெற்றிலை கிள்ளுவது நின்றது. அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

28-2-64, வெள்ளி. சிதம்பரம்.

காலை வண்டியில் பாப்பாவோடு கிளம்பி வந்துவிட்டேன். இனி அந்த வாசப்படி மிதிக்கிறதாக இல்லை. பெரிய டிரங்கு மட்டும் அங்கே. தம்பி போய் எடுத்துவருவான்.

தம்பி சண்முகம் அச்சாபீசில் வேலை முடித்து வந்து எல்லாம் கேட்டான். அவன் மனைவி கோமதிதான், "இன்னா பொம்பள அண்ணி அது!" என்று கையைப் பிசைந்தாள். அவள் எனக்காகக் கோபப்படுவது கேட்க இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கோபப்படட்டும் என்று விட்டு விட்டுச் சொன்னேன்.

2-3-64, திங்கள்.

இங்குள்ள ஆஸ்பத்திரியில் மூன்றாவது தடவை. கடலூர்ச் சீட்டைக் காட்டினேன். குத்தி முடித்ததும் சுவரோரம் நாற்காலி போட்டு, காய்கிற வரை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போலாம்மா, காஞ்சிடுச்சு" என்று அங்கிருந்த ஆயாம்மா சொன்னபிறகும் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் எலுமிச்சம்பழம் நுழையக்கூடாது என்று உத்தரவு. கோமதி ஊறுகாய் ஜாடியைக்கூடப் பரணில் ஏற்றிவிட்டாள்.

6-3-64, வெள்ளி.

சிவப்பாகப் பொட்டு. நடுவில் முத்து மாதிரி ஒன்று. வெளிச்சத்தில் பார்த்தேன், விளக்கில் பார்த்தேன், மறுபடி வெளிச்சத்தில் பார்த்தேன்.

கத்தரிப்பூ நிற ரவிக்கை இரண்டு தையற்காரனிடம். புதன் தருவானாம். தரமாட்டான்.

8-3-64, ஞாயிறு.

காய்ச்சல். கை தோள்வரை வீக்கம். முத்து இப்போது சீழ் கட்டிக் குழிந்து அழகாக இருக்கிறது. தன் பிள்ளை உடம்பில் சீழைப் பார்த்துப் பூரித்த தாய் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாப்பா சிணுங்குகிறாள், "ஆயாட்ட போலாம்" என்கிறாள். காய்ச்சலில் யாரை வேண்டுமானாலும் கேட்கும் குழந்தை.

9-3-64, திங்கள்.

கையெழுத்து. தேதி. சீல். வயலட் மையில் வட்டமாக. மை காயும்வரை ஊதிக்கொண்டே வந்தேன்.

10-3-64, செவ்வாய்.

கடலூருக்குக் கார்டு போட்டேன். எதிர்வீட்டு வாத்தியார் சம்சாரம் பெயருக்கு. அவள்தான் மா.வுக்குப் படித்துச் சொல்வாள், சத்தமாகப் படிப்பாள், தெருவே கேட்கும். எழுதியது: "பாப்பாவுக்கு அம்மை குத்தி நன்றாகக் கொப்புளம் போட்டிருக்கிறது. காய்ச்சல் இருக்கிறது. சர்டிபிகேட் வாங்கியாயிற்று. அத்தையிடம் எலுமிச்சம்பழம் மிச்சம் இருந்தால் ஊறுகாய் போட்டுக்கொள்ளச் சொல்லவும்."

போட்டுவிட்டுத் தெற்கு வீதி முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தேன். ஒரு கிழவர் நின்று பார்த்தார்.

13-3-64, வெள்ளி.

தம்பி கடலூர் போய் டிரங்கைக் கொண்டுவந்தான். முகம் சரியில்லை. சாப்பிடும்போது சொன்னான்.

மா. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறாளாம். கார்டில் கொப்புளம், காய்ச்சல் என்று கேட்டதிலிருந்து அவள் கணக்கில் பாப்பாவுக்கு அம்மா வந்திருக்கிறாள். ஊசி குத்தி வந்தாலும் வந்தவள் வந்தவள்தானாம். தலைக்கு எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, பாய் இல்லை, வெறுந்தரை. ஒருவேளைக் கூழ். படி தாண்டுவதில்லை. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று சேதி வருகிறவரைக்கும் விரதம். தம்பி திண்டாடிப் போய் நின்றிருக்கிறான். அவள் உள்ளேயிருந்தே கேட்டாளாம்: "தண்ணி எப்ப ஊத்தறாங்க தம்பி? எனக்குச் சொல்லி வுடுங்க. நான் வந்து எம் புள்ளையப் பாக்கணும், கப்பலு கெளம்பறதுக்குள்ள."

"கப்பல் எப்போன்னு கேட்டாளா?"

"கேட்டாங்க. அக்காவக் கேட்டுச் சொல்றேன்னேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்று வேறு ஒன்று வந்தது. நான் தேடவேயில்லை, அவளாகவே கொண்டுவந்து என் கையில் வைத்திருக்கிறாள்.

15-3-64, ஞாயிறு.

பாப்பாவுக்கு ஜுரம் விட்டு மூன்று நாள். பொருக்கு கட்டிவிட்டது. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன், அவ்வளவுதான், சாதாரணக் குளியல். கோமதிதான் ஓடிவந்து வேப்பிலையும் மஞ்சளும் கிள்ளி அண்டாவில் போட்டாள். "எதுக்கு அண்ணி வம்பு, ஊத்தனதா இருக்கட்டும்."

பிறகு கேட்டாள், "கடலூருக்கு நான் கார்டு எழுதட்டுமா?"

"வேண்டாம்."

"அந்தம்மா கூழோட கெடக்குதாமே."

"கிடக்கட்டும்."

17-3-64, செவ்வாய்.

வாத்தியார் சம்சாரத்திடமிருந்து கார்டு. "பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் எப்போது என்று உங்கள் அத்தை கேட்கச் சொல்கிறார். தினம் இரண்டு தடவை என்னிடம் தபால் வந்ததா என்று கேட்கிறார். மெலிந்துவிட்டார்."

அலமாரிக்கு மேல் போட்டுவிட்டேன். பதில் இல்லை.

எனக்கும் ஒரு காலத்தில் தபால் வந்திருக்கவேண்டும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எத்தனை வண்டி ஓடுகிறது. ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். வாசலுக்கு வெளியே நின்றாவது அவன் குரலைக் கேட்டிருப்பேன். தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எழுந்து நிற்பது எப்படி இருக்கும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

இனிக்கிறது. யாரும் பார்க்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். இனிக்கிறது.

கண் டாக்டர் சீட்டு வாங்கியாயிற்று. காலரா இரண்டாவது ஊசியும் போன வாரமே ஆயிற்று. ரவிக்கை வரவில்லை.

19-3-64, வியாழன்.

டிரங்கில் பெயர் எழுதுகிறவன் வந்தான். வெள்ளைப் பெயின்ட். பாப்பா தொட்டு விரலெல்லாம் வெள்ளை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

பாயிடமிருந்து ஆள். எல்லாக் காகிதத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டார்களாம், ஒரு குறையும் இல்லையாம். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி மலேயாவில் அவர் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டாராம். என் பெயர், பாப்பா பெயர். இனி பாப்பா இருமினால் டாக்டர். உடம்பு காய்ந்தால் டாக்டர். யாரையும் கேட்கவேண்டியதில்லை. இதை நினைத்து அழுகை வந்தது. அடுப்புப் புகை என்று கோமதியிடம் சொன்னேன்.

கோமதி விடவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணி, அவுங்க செஞ்சது பாவந்தான். ஆனா வேணும்னு செய்யல இல்ல?"

"நான் வேணும்னுதான் செய்யறேன். அதுதான் வித்தியாசம்."

"பாப்பா ஆயா ஆயான்னு கேக்குதே."

"கப்பல்ல ஏறினா மறந்துடும்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இத்தனை நாள் என் பக்கம் இருந்தவள். எனக்கு அவள் மேலும் கோபம்.

21-3-64, சனி.

நாளைக் காலை வண்டி. மாயவரம் மாறி நாகப்பட்டினம், அங்கே இரண்டு நாள் சத்திரம், துறைமுகத்தில் டாக்டர் பார்ப்பார், பிறகு கப்பல். தம்பி கூட வருகிறான்.

தம்பி நேற்று முழுக்க வீட்டில் இல்லை. வேலை என்றான். அச்சாபீசுக்கு நேற்று விடுமுறை என்று கோமதி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.

ரவிக்கை வந்தது. கை இறுக்கம். போகட்டும்.

22-3-64, ஞாயிறு. நாகப்பட்டினம், சத்திரம். சாயங்காலம்.

காற்று. உப்பு வாசனை. பெட்டிகள் எல்லாம் சரியாக வந்துவிட்டன. தம்பி சாப்பாடு வாங்கப் போயிருக்கிறான்.

காலையில் சிதம்பரம் ஸ்டேஷனில் நடந்ததை எழுதவேண்டும்.

கடலூரிலிருந்து வருகிற வண்டியில்தான் நாங்கள் ஏறவேண்டும். வண்டி நின்றது. முன்பெட்டியிலிருந்து ஒருத்தி இறங்கினாள். மஞ்சள் புடவை, இடுப்பில் வேப்பிலைக் கொத்து. யாரோ வேண்டுதல்காரி என்று நினைத்தேன். கன்னம் ஒட்டி, எண்ணெய் காணாத தலை பரட்டையாக. கிட்ட வந்த பிறகுதான் மா. என்று தெரிந்தது.

தம்பி என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "வெள்ளிக்கெழம போயி நான்தான் சொன்னேன். கெளம்பற நாள மட்டுந்தான் சொன்னேன். தண்ணி விஷயத்த உன் வாயால சொல்லுக்கா."

விரதத்துக்கு நடுவில் படி தாண்டி வந்திருக்கிறாள். அவள் கணக்கில் அதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். செந்தில் செத்தபோதுகூடத் தாண்டாத படி.

குழாயடியோடு நின்றுவிட்டாள். அதற்கு மேல் வரவில்லை. நடுவில் கூடைக்காரர்கள், கூலிகள், முறுக்கு விற்கிறவன். அவள் கை இரண்டையும் கூப்பிக்கொண்டு நின்றாள். எனக்கில்லை. பாப்பாவுக்கு. பாப்பாவுக்குள் இன்னும் இறங்காமல் இருப்பதாக அவள் நினைக்கிறவளுக்கு.

"ஆயா!" என்று பாப்பா என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். மா. பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். "வராத தாயி, வராத. ஆயா ரயில்ல நாலு பேர இடிச்சிக்கினு வந்தவ, தீட்டு. கிட்ட வராதம்மா." பாப்பா நடுவில் நின்றுவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மா. என்னைப் பார்த்தாள். எனக்கு ஞாபகம் தெரிந்து அவள் என்னிடம் ஒன்று கேட்டு நின்றதில்லை. உத்தரவுதான் போடுவாள். இன்று கேட்டாள்.

"தண்ணி ஊத்தியாச்சா?"

ஆச்சு அத்தை. இரண்டு வார்த்தை. சொல்லியிருந்தால் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வந்து தூக்கியிருப்பாள். வண்டி கிளம்ப நேரம் இருந்தது.

"இன்னும் இல்லை" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். சரி என்கிற மாதிரி. கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. அம்மா விஷயத்தில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறவள். இடுப்பிலிருந்த வேப்பிலையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். தம்பிதான் குனிந்து எடுத்துவந்து பாப்பா தலைமுடியில் செருகினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அம்மா இருக்கிற இடத்தில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, போய்வா என்றும் சொல்லக்கூடாது. அவள் சொல்லவில்லை. விசில் ஊதினான். கூப்பின கையை வண்டி மறையும்வரை அவள் இறக்கவில்லை.

எதற்காக இத்தனை நாள் காத்திருந்தேனோ அது கிடைத்தது. செந்திலுக்காக என்று சொல்லிக்கொண்டேன். கடலூர் திரும்புகிற வண்டியில் அவள் கூட்டத்தில் ஒதுங்கித்தான் உட்கார்ந்து போயிருப்பாள், யார் மேலும் படாமல்.

கொள்ளிடம் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது பாப்பா கேட்டாள்: "ஆயா ஏம்மா என்னத் தூக்கல?"

நான் வெளியே பார்த்தேன்.

சட்டைக் கையை மேலே சுருட்டிப் பொருக்கைக் காட்டினாள். "இது அசிங்கமா இருக்கா? அதான் தூக்கலையா?"

இல்லை என்றேன். மாயவரத்தில் மறுபடி கேட்டாள். இங்கே வந்து இறங்கியதும் கேட்டாள். இப்போது பொருக்கைத் துணியால் மூடிக் கட்டச் சொல்லி, கட்டினபிறகு தூங்கிவிட்டாள்.

தம்பி கப்பலேற்றிவிட்டுத் திரும்புவான். அவனிடம் சொல்லி அனுப்பினால் கடலூர் போய்ச் சொல்லிவிடுவான். சொன்னால் அவள் தலைக்கு ஊற்றிக்கொள்வாள். சோறு சாப்பிடுவாள். பாப்பாவைத்தான் தூக்க முடியாது.